மடிக்கடை

முப்பத்திரண்டு வருஷம் நான் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தேன். சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கிய ஆள் என்று என் மனைவி சொல்வாள். ஓய்வு பெற்றதும் சம்பளம் பென்ஷனாகச் சுருங்கியது. சந்தேகம் மட்டும் முழுச் சம்பளத்தில் இருக்கிறது.

திருவனந்தபுரத்தில் வலியசாலைத் தெருவில், அவள் பிறந்த வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறோம். அவள் இந்த ஊர்க்காரி. பள்ளிக்கூடம் முழுக்க மலையாளத்தில் படித்தவள். கணக்குப் போடுவதும் கோபப்படுவதும்கூட மலையாளத்தில்தான். நான் திருநெல்வேலிப் பக்கம். என் மலையாளம் பெட்டிக்குப் பெட்டி ஏறி இறங்கிப் பொறுக்கிய மலையாளம். பேசினால் புரியும். எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். இது போதும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

முதலில் என் கண்ணில் பட்டது அவள் காது. ஒரு காதில் மரத்தில் செய்த மீன் ஒன்று தொங்கியது, இன்னொரு காதில் ஒரு பூனை. எங்கள் வீட்டுக்குள் மீன் நுழைந்தது அதுவே முதல் தடவை.

"மாத்திப் போட்டுண்டிருக்கே" என்றேன்.

"மாத்தலை. அதுதான் ஜோடி."

"இதை ஜோடின்னு யார் சொன்னா?"

"கடையில சொன்னா."

"எந்தக் கடை?"

"ஒரு கடை" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

முப்பது வருஷமாகச் சாலைக் கடைத்தெருவில் ஒரே ஜவுளிக்கடையில் புடவை எடுக்கிறவள் அவள். மாம்பழ மஞ்சள், அரக்கு, மயில்கழுத்து என்று மூன்று நிறத்துக்குமேல் போனதில்லை. ஒரு மாதத்துக்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. வெள்ளை ரவிக்கை முழுக்கக் குட்டிக் குட்டி ஆட்டோரிக்ஷா ஓடியது. மூக்குக்கண்ணாடியின் சட்டம் சிவப்பாகியது. பழைய கறுப்புக் குடைத்துணியில் தைத்த ஒரு பை வந்தது. அதற்குப் பிடியாகக் குடையின் வளைந்த கைப்பிடியே இருந்தது. அதை அவள் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தால் யாரோ பின்னாலிருந்து கொக்கி போட்டு இழுப்பதுபோலத் தெரியும். எதற்கும் அவளிடம் முழு விடை கிடைக்கவில்லை. கேட்டால் சிரிப்பாள். சிரிப்பவர்களிடம்தான் டிக்கெட் இருக்காது என்பது என் அனுபவம்.

பிறகு காலண்டரைப் பார்த்தேன். பால், கேஸ், மின்சாரக்காரன் வரும் நாள் எல்லாம் அவள் அதில்தான் குறித்து வைப்பாள். செவ்வாய், வெள்ளிக் கட்டங்களில் பென்சிலால் மலையாளத்தில் ஏதோ எழுதியிருந்தது. கூட்டிப் படித்தேன். 'மடி, 2.30'. அடுத்த வாரமும் அதேதான். அதற்கடுத்த வாரமும் அதேதான்.

எங்கள் வீடுகளில் மடி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். குளித்துவிட்டு, யார் கையும் படாமல் துவைத்து உலர்த்திய துணியைக் கட்டிக்கொண்டு, யார்மேலும் படாமல் பூஜைக்கும் சமையலுக்கும் நிற்பது மடி. என் அம்மா இரண்டு வருஷத்துக்கு முன்னால் கண்ணை மூடும்வரை எங்களோடுதான் இருந்தாள். மடியில் அவளுக்கு விட்டுக்கொடுத்தலே கிடையாது. உயரக் கொடியில் நீளக் கொம்பால் புடவையை வீசிப்போட்டு உலர்த்துவது என் மனைவியின் வேலை. இருபத்தைந்து வருஷம் முணுமுணுத்துக்கொண்டே செய்தாள். அம்மாவின் காரியமெல்லாம் முடிந்த மறுவாரம் அந்தக் கொம்பை எடுத்து, முருங்கைக்காய் பறிக்க வைத்துக்கொள் என்று பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். அப்படிப்பட்டவளுக்குத் திடீரென்று செவ்வாயும் வெள்ளியும் மடி ஏன்? அதுவும் வீட்டுக்கு வெளியே, மத்தியானம் இரண்டரை மணிக்கு?

என் புத்தி நேராக ஒரு சாமியாரிடம் போய் நின்றது. செவ்வாய், வெள்ளி என்றாலே அம்மன் கிழமை. என்னோடு வேலை பார்த்த ஒருவரின் மனைவி இப்படித்தான் வாரத்துக்கு இரண்டு நாள் என்று ஆரம்பித்தாள். பிறகு நாலு நாள் ஆயிற்று. கடைசியில் ஏதோ ஒரு மடத்தில் போய்த் தங்கிவிட்டாள். அவர் இன்றைக்கும் தனியாக ரசம் வைத்துச் சாப்பிடுகிறார். எனக்கு ரசம் வைக்கவும் தெரியாது. ஆனால் ரசம் ஒரு சாக்கு. அவள் என்னை விட்டுப் போய்விடுவாளோ என்பதுதான் என் பயம். அவள் இல்லாத வீட்டில் விளக்கேற்றும் நேரத்தில் நான் மட்டும் உட்கார்ந்திருப்பதை நினைத்தால், எழுந்து போய் அவள் அடுக்களையில் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு வருவேன். அதை யாரிடமும் சொல்ல முடியாது. அவளிடம் சுத்தமாகச் சொல்ல முடியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை வாசலில் வழிமறித்துக் கேட்டேன்.

"எங்க போறே?"

"மடிக்கு."

"மடிக்கா?"

"ஆமாம், மடிக்கு. பின்னே சொல்றேன், பஸ்ஸுக்கு நேரமாச்சு, கேட்டேளா?"

ஐந்தரைக்குத் திரும்பி வந்தாள். முகம் தெளிந்து, பத்து வயது குறைந்தாற்போல இருந்தது. வலது கன்னத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு பதிந்திருந்தது. பாயிலோ பிரம்பிலோ முகத்தை அழுத்திய தடம். தரையில் விழுந்து விழுந்து நமஸ்காரம் பண்ணியிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

"சொல்றேன்னியே" என்றேன்.

"சொன்னா நீங்க விசாரணை வைப்பேள்."

"மறைக்க என்ன இருக்கு?"

"மடியில கனமில்லேன்னா வழியில பயமில்லே. நேக்கென்ன பயம்?" என்று சொல்லிவிட்டுப் பால் காய்ச்சப் போனாள். பழமொழியிலும் மடி வந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவள் பின்னாலேயே போனேன். பேரனுக்கென்று வாங்கி அவன் வேண்டாமென்ற கிரிக்கெட் தொப்பியை மாட்டிக்கொண்டேன். கிழக்கேகோட்டையில் அவள் பஸ்ஸின் முன்பக்கம் ஏறினாள், நான் பின்பக்கம். வாழ்நாளெல்லாம் ஒளிகிறவர்களைப் பிடித்தவன், முதல் தடவையாக நானே ஒளிந்துகொண்டு பயணம் செய்தேன். அவமானமாகத்தான் இருந்தது. வழுதக்காட்டில் அவள் இறங்கினாள். இரண்டு ஸ்கூட்டர்களுக்கு வழிவிட்டு நான் இறங்குவதற்குள் ஒரு சந்துக்குள் திரும்பிவிட்டாள்.

அந்தச் சந்தில் பழைய ஓட்டு வீடுகள் வரிசையாக நின்றன. குடியிருக்கிற வீடு ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கடையாக மாறியிருந்தது. கடை என்றால் பெயர்ப்பலகை வேண்டும், சரக்கு வெளியே தெரிய வேண்டும், வாங்க வாங்க என்று யாராவது கூப்பிட வேண்டும். இங்கே ஒருவரும் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே வியாபாரம் நடக்கிறது என்றால் உள்ளே வேறு ஏதோ நடக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.

முதல் வீட்டுக்குள் அவள் போயிருப்பாள் என்று நினைத்து நுழைந்தேன். அது ஏதோ கலைக்காட்சிக் கூடம். உள்ளே வெள்ளைச் சுவர், ஆள் அரவமே இல்லை. நடுக்கூடத்தில் உடைந்த ஓடுகளைக் குவித்து, பக்கத்தில் அச்சடித்த அட்டை வைத்திருந்தார்கள். அடுத்த அறையில் ஒரு சைக்கிளுக்கு மணி முதல் மிதிவரை கம்பளி நூலில் ஸ்வெட்டர் பின்னிப் போட்டிருந்தார்கள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் மனுஷனுக்கே ஸ்வெட்டர் வேண்டாம், சைக்கிளுக்கு எதற்கு? மூலையில் சிவப்பு வாளி ஒன்று மணலோடு தொங்கியது. அதற்கு அட்டை இல்லை. அட்டை இல்லாததால்தான் அது மிகப் பெரிய விஷயமாக இருக்கும் என்று எண்ணி ஐந்து நிமிஷம் பார்த்தேன். கால் வலித்தது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதுவும் படைப்போ என்னவோ, உட்கார்ந்தால் பணம் கட்டச் சொல்வார்களோ என்று நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் காவலாளி டீயோடு வந்து அதில் உட்கார்ந்தார். வாளியைப் பற்றிக் கேட்டேன்.

"தீ பிடிச்சால் அணைக்கான், சாரே" என்றார்.

வெளியே வந்து பார்த்தால் சந்தில் அவள் இல்லை. அடுத்தடுத்த வாசல்களில் தேடினேன். ஒரு கடையில் பழைய விளம்பரப் பதாகைகளை வெட்டிப் பை தைத்திருந்தார்கள். ஒரு பையில் நகைக்கடை அழகியின் ஒற்றைக் கண், இன்னொரு பையில் ஏதோ தலைவரின் பாதி மீசை. இன்னொரு கடையில் இட்லித்தட்டைக் கவிழ்த்து விளக்காக்கித் தொங்கவிட்டிருந்தார்கள். குழிக்குழியாக வெளிச்சம் விழுந்தது. அது அழகாக இருந்தது என்று சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் அழகாகத்தான் இருந்தது. ஒரு பனியனில் மார்புக்குக் குறுக்கே மலையாளத்தில் ஏதோ எழுதியிருக்க, துப்பு கிடைக்குமென்று பக்கத்தில் போய் எழுத்துக்கூட்டினேன். 'எந்தா நோக்குந்நே?' என்று முடிந்தது. என்ன பார்க்கிறாய் என்று என்னைக் கேட்கிறது பனியன். ஒரு துணிகூட என்னை விசாரிக்கும் நிலைமைக்கு வந்துவிட்டேனே என்று ஆத்திரமாக வந்தது. ஆறு மணிக்கு வீடு திரும்பினேன். அவள் எனக்கு முன்பே வந்திருந்தாள். கன்னத்தில் அதே கோடு.

அடுத்த செவ்வாய்க்கிழமை சாப்பிட்ட கையோடு கிளம்பி, சந்து முனையில் டீக்கடை பெஞ்சில் முன்கூட்டியே உட்கார்ந்துகொண்டேன். இரண்டரைக்கு அவள் வந்தாள். குடைப்பிடிப் பை, ஆட்டோ ரவிக்கை. இடமோ வலமோ பார்க்காமல் சந்தின் கடைசி வீட்டுக்குள் நுழைந்தாள். சொந்த வீட்டுக்குள் நுழைகிற மாதிரி நுழைந்தாள். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

அரைமணி பொறுத்து நானும் போனேன். வாசலில் மரப்பலகை ஒன்று தொங்கியது. அதில் இருந்த இரண்டே எழுத்தும் நிமிர்ந்து நிற்காமல் பக்கவாட்டில் படுத்திருந்தன. கழுத்தைச் சாய்த்துப் படித்தேன். மடி. கீழே செருப்புகளை விட்டிருந்தார்கள், அவளுடையதும் இருந்தது. கோயிலுக்கும் மடத்துக்கும்தான் வாசலில் செருப்பை விடுவார்கள். நானும் விட்டேன்.

உள்ளே பெரிய கூடம். கம்பிகளில் துணிகள் தொங்கின. எல்லாம் வெளுத்த நிறம், சாக்குப்பை அளவுக்குத் தொளதொள. ஒரு பெண் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து நோட்டில் பென்சிலால் ஏதோ செய்துகொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். ஒரு பக்கத் தலைமுடியை மட்டும் ஒட்ட வெட்டியிருந்தாள். என்னைக் கண்டதும் நோட்டைச் சட்டென்று மூடினாள். பின்கட்டுக்குப் போகும் வாசலில் திரை போட்டிருந்தது. மூடிய நோட்டு, போட்ட திரை. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறேன்.

என் நெற்றியையும் முழிப்பையும் பார்த்தே தமிழன் என்று தெரிந்துகொண்டாள். "வாங்க அங்கிள், நோக்கிக்கோங்க" என்று இரண்டு பாஷையையும் கலந்து வரவேற்றாள். இந்தக் கடையின் சொந்தக்காரி அவள்தான் என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

மடித்துணியை நான் தொடலாமா? முறைப்படி கேட்டுவிடுவது நல்லது.

"தொட்டாப் பரவாயில்லையா?"

"தொட்டு நோக்கணும் அங்கிள். தொட்டாலல்லே சுகம் அறியூ."

தொட்டால்தான் சுகம் தெரியும் என்கிறாள். மடியில் இது என்ன புது சாஸ்திரம்? மேலே விசாரித்தேன்.

"துவைச்சதா?"

"ரெண்டு வட்டம் கழுகியதாணு." இரண்டு முறை துவைத்தது. அது சரிதான்.

"யாரு துவைச்சா?"

இந்தக் கேள்வி அவளுக்குப் பிடிபடவில்லை. "மெஷின்" என்றாள்.

"இதை உடுத்திண்டு என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யண்டாம், அங்கிள்." கையை விரித்துச் சிரித்தாள். "ஒண்ணும் செய்யாம இருக்கிறதுதான் மடி."

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் மடி! இது சாதாரணக் கடைக்காரி பேசும் பேச்சில்லை. பின்னால் பெரிய குரு ஒருவர் இருக்கிறார், திரைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறார், என் மனைவி இந்த நிமிஷம் அவர் காலடியில் கிடக்கிறாள். இப்படி நிச்சயம் செய்துகொண்டு கையிலிருந்த துணியைத் திருப்பினேன். அப்போதுதான் அதில் அச்சடித்திருந்த உருவங்களைப் பார்த்தேன்.

நீல மையில், கட்டைவிரல் அகலத்தில், நூற்றுக்கணக்கில் ஒரே உருவம். பக்கவாட்டில் சயனித்து, ஒரு கை தலைக்குக் கீழே, ஒரு கை தொங்கவிட்டு, கண்மூடி. இந்த ஊரில் குடியிருக்கிற எவனுக்கும் சந்தேகம் வராது. கோட்டைக்குள் பள்ளிகொண்ட பெருமாளேதான். பாம்பைத்தான் காணோம். இந்தக் காலத்துப் படக்காரர்கள் பாம்பை விட்டிருப்பார்கள். கை தானாக உயர்ந்தது. துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன், இடது கண்ணில், வலது கண்ணில். பிறகு கோபம் வந்தது.

"பெருமாளைப் போட்டுப் பைஜாமா தைச்சிருக்கேளே, இதை இடுப்புக்குக் கீழே மாட்டலாமா?"

அவள் ஒரு கணம் விழித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ அங்கிள், அது பெருமாளல்ல. அது ஞங்ஙளுடெ மாமி, எங்க மாமி."

"எந்த மாமி?"

"வலியசாலையிலேர்ந்து வரும். செவ்வாயும் வெள்ளியும்."

துணியை மறுபடி பார்த்தேன். தலைக்குக் கீழே மடங்கிய கை. ஒரு காலின்மேல் லேசாகத் தூக்கிப்போட்ட மறு கால். காதில் ஒரு பொட்டு மீன். நூறு உருவத்திலும் மீன் இருந்தது. ஆயிரம் முகத்தை ஒரு பார்வையில் நினைவு வைத்துக்கொள்கிறவன் என்று எனக்கு டிவிஷனில் பெயர். என் மனைவியை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் நிற்கும்போது தெரியும், நடக்கும்போது தெரியும், குனிந்து பெருக்கும்போது முதுகை வைத்தே சொல்லிவிடுவேன். சும்மா படுத்துக் கிடக்கிற அவளை நான் பார்த்ததே இல்லை.

மெல்லிய குரலில் கேட்டேன். "மடின்னா உங்க பாஷையில என்ன?"

"மடின்னா மடிதான். சோம்பல்." தமிழ்ச் சொல்லைத் தேடிப் பிடித்துச் சொன்னாள். "மடியன்மாருக்கு உள்ள உடுப்பு. அதல்லே கடைப்பேரு."

இது எனக்குத் தெரிந்த சொல்தான். இந்த ஊரில் எத்தனை பேர் எத்தனை பேரை மடியன் என்று திட்டிக் கேட்டிருக்கிறேன்! ஆனால் எங்கள் வீட்டுக் காலண்டரில், அவள் கையெழுத்தில், செவ்வாய் வெள்ளிக்குப் பக்கத்தில் பார்த்தபோது எனக்கு என் அம்மாவின் மடி ஒன்றுதான் ஞாபகம் வந்தது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்.

நான் யாரென்று இன்னும் சொல்லவில்லை. தெரியாத ஆளைப்போல மேலும் கேட்டேன். அவளும் சொன்னாள். மாமி முதலில் வந்தது, பை வைத்த ரவிக்கை தைப்பீர்களா என்று கேட்கத்தானாம். சில்லறையும் சாவியும் வைக்க இடுப்பில் செருகிச் செருகி அலுத்துவிட்டது என்றாராம். உட்காருங்கள், அளவெடுக்க டேப் எடுத்து வருகிறேன் என்று இவள் உள்ளே போய் வருவதற்குள், பின்தாழ்வாரத்துப் பிரம்புக் கட்டிலில் மாமி தூங்கிவிட்டாராம். எழுப்ப மனசில்லாமல் இவள் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்தாளாம். கடை சாத்தும் நேரத்தில் எழுந்தவர் பதறிப்போய், நான் தூங்கவில்லை, கண்ணைத்தான் மூடினேன் என்று மூன்று தடவை சொன்னாராம். அந்தப் படத்தில் பிறகு காது மீனையும் சேர்த்து அச்சடித்ததுதான் இத்தனை துணியில் ஓடுகிறது. அதற்குப் பிறகு மாமி வந்து தூங்குவார், இவள் வரைவாள். காதணி, பை, ரவிக்கை எல்லாம் சந்திலுள்ள மற்ற கடைக்காரிகள் ஆசையாகக் கொடுத்தது. நான் கண்ட நமஸ்காரத் தடம் பிரம்புக் கட்டிலின் தடம்.

"நான்தான் அந்த மாமியோட ஆத்துக்காரர்" என்றேன்.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். போய்த் திரையை விலக்கினாள்.

தாழ்வாரத்தில் பலாமர நிழல். கட்டிலில் என் மனைவி படுத்திருந்தாள். அந்தச் சாக்குப்பை உடை ஒன்றைப் போட்டிருந்தாள், இரண்டு பக்கமும் பெரிய பைகளோடு. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. எறும்பு ஒன்று விரலில் ஏறி மணிக்கட்டுவரை வந்தும் அவள் அசையவில்லை. ஏமாற்றுகிறாளா என்று பழக்கதோஷத்தில் கூர்ந்து பார்த்தேன். இல்லை, உண்மையான தூக்கம். எனக்கு ஆறுதலாக இருந்தது. கூடவே ஏதோ பொறாமையாகவும் இருந்தது, ஒரு கட்டிலின்மேல்.

நான் நின்றது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ. கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். அடுத்த நொடி எழுந்து உட்கார்ந்து, தோளில் இல்லாத முந்தானையை இழுக்கப் பார்த்தாள். கால் செருப்பைத் துழாவியது.

"மணி என்னாச்சு? காப்பி போடட்டுமா?"

கடைக்காரி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இது நம்மாம் இல்லைடி, நம்ம வீடில்லை. கடை" என்றேன்.

அவள் சுற்றும் பார்த்தாள். மெதுவாக நிதானத்துக்கு வந்தாள். "பின்னாடியே வந்தேளா?"

"வந்தேன்."

"போன வெள்ளிக்கிழமையே பஸ்ஸில பார்த்தேன். தொப்பி போட்டா மூக்கு மறையுமா?"

"ஏண்டி எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா என்ன கேட்டிருப்பேள்? படுத்துக்கறதுக்கு பஸ் ஏறிப் போகணுமா, ஆத்துல கட்டில் இல்லையாம்பேள்."

"இல்லையா பின்னே?"

"இருக்கு. ஒருநாள் மத்தியானம் படுத்தேன். நீங்க வந்து நெத்தியில கை வச்சுப் பார்த்தேள். ஜுரமான்னு கேட்டேள். ஜுரமில்லேன்னேன். அப்ப எழுந்திரு, வாசல்ல யாரோ வந்திருக்கான்னேள்."

எனக்கு அது நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பேன். என் குரலில் அந்த வாக்கியம் எனக்கே கேட்டது. அவள் குற்றம் சொல்லும் தொனியில் சொல்லவில்லை. மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். 

"சரி, படுத்துக்கோ" என்றேன். "நான் ஒண்ணும் சொல்லலை. இங்கேயே உட்கார்ந்திருக்கேன்."

ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் படுத்தாள். கண்ணை மூடினாள். கடைக்காரி நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு நிமிஷம் போனது. என் மனைவியின் இமை துடித்தது, கால்விரல்கள் சுருண்டு நீண்டன. "மோர் மூடி வச்சேளா?" என்று கண் திறக்காமலே கேட்டாள். வைத்தேன் என்றேன். மறுபடி இரண்டு நிமிஷம். "மாடியில துணி கிடக்கு, மழை வருமோ?" வராது என்றேன். கடைக்காரி பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். நான் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு சிலைபோல இருந்தேன். அப்படியும் அவளால் தூங்க முடியவில்லை.

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏன்னா, தப்பா நெனச்சுக்காதேங்கோ. நீங்க இருந்தா நேக்குப் படுக்க வரலை. அஞ்சரைக்கு நானே வந்துடறேன். நீங்க போங்கோ."

அவள் என்னை விட்டுப் போய்விடுவாளோ என்றுதான் இத்தனை வாரமும் பயந்தேன். அவள் எங்கும் போகவில்லை. என்னைத்தான் போகச் சொன்னாள். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. முக்காலியை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, கூடத்தைத் தாண்டி வந்து செருப்பை மாட்டிக்கொண்டேன்.

நான் கேட்டைத் தாண்டுவதற்குள் மாமி தூங்கிவிட்டார் என்று கடைக்காரி பிறகொரு நாள் சொன்னாள்.